சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும் கார்: பம்ப்பை மாற்றும் முன் காற்றைத் தேடுங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியை. போன வருஷம் 2012 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். சில மாதங்களாக சிக்னலில் நின்றால் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறது, இறங்குகிறது. பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. பிளக், ஆக்சிஜன் சென்சார் மாற்றி, த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்தாயிற்று. இப்போது பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். மாற்றலாமா? இன்னொன்று, ஆர்.சி.யில் எரிபொருள் ‘பெட்ரோல்/எல்பிஜி’ என்று இருக்கிறது, ஆனால் வண்டியில் கேஸ் டேங்க் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

பம்ப்பை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டி எங்கோ காற்று வாங்குகிறது. எங்கள் ஷெட்டுகளில் இதை ‘ஏர் லீக்’ என்போம். ஆர்.சி. பற்றிய கடைசி வரியை நீங்கள் ஏதோ சந்தேகத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். ஆனால் அதற்கு முன்னால் பிரேக்கைப் பார்த்துவிடுவோம். பிரேக்கில் கால் வைத்தால் ஆஃப் ஆகும் வண்டியில் முதல் சோதனை அங்கேதான் செய்ய வேண்டும், வயதானவரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிற வண்டி வேறு.

பிரேக் மிதிக்கும்போது உங்கள் காலுக்குத் துணையாகத் தள்ளிக்கொடுப்பது பூஸ்டர் என்ற வட்டமான டப்பா. அது வேலை செய்வதே இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தில்தான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதிதான் மேனிஃபோல்ட். அதிலிருந்து தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று பூஸ்டருக்குப் போகும். அந்த ஹோஸ் வெடித்தாலும், பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்தாலும், இன்ஜினுக்குக் கணக்கில் வராத காற்று போகும்; அதே நேரத்தில் பிரேக்கின் பலமும் குறையும்.

இதை வீட்டு வாசலில் நீங்களே பார்க்கலாம். வண்டி சமதரையில் நிற்கட்டும். நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது பிரேக்கை நாலைந்து முறை நன்றாக மிதியுங்கள். பெடல் கல் மாதிரி ஆகிவிடும். கால் எடுக்காமல், அதே அழுத்தத்தில் வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம், அதாவது அந்த உறிஞ்சும் பலம், வரவில்லை. அப்புறம், இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி மிருதுவாக இருந்து, அடுத்தடுத்த மிதியில் இறுக வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் ஹோஸிலோ அதில் உள்ள ஒருவழி வால்விலோ பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவதாக, இன்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்து அப்படியே பிடியுங்கள். மிதிக்கும் நொடியில் ‘புஸ்’ஸென்று ஒரு சின்ன சத்தம் வந்து அடங்கினால் பயமில்லை. கால் அருகே சீறல் தொடர்ந்து கேட்டு, கூடவே ஐடிலிங்கும் ஆடினால் டயஃப்ரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வண்டியை எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போங்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் ஷெட் வரை நிதானமாக ஓட்டிப் போகலாம்.

சரி, இப்போது ஏன் பம்ப் இல்லை என்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

சிக்னலில் நிற்கும்போது த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவு, ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கும், காற்றுக்கு வழியோ மிகச் சின்னது. அதனால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நம்ம ஊர் கடல் மட்டம் என்பதால் வெளியே ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். நல்ல இன்ஜினில் ஐடிலிங்கில் உள்ளே 30 முதல் 40 வரை. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒரு குண்டூசித் துளை கிடைத்தாலும் காற்று பாய்ந்து உள்ளே போகும். அந்த நேரத்தில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிவிடும். ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் த்ராட்டில் திறந்து காற்று தாராளமாக வரும். உள்ளே இழுவையும் குறையும். அதே துளை அப்போது கணக்கிலேயே வராது. ‘நின்றால் தகராறு, ஓடினால் சரி’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

பம்ப் பலவீனமாக இருந்தால் கதை நேர்மாறாக இருக்கும். ஐடிலிங்குக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், அதைப் பழைய பம்ப்பும் கொடுத்துவிடும். மேம்பாலம் ஏறும்போதோ, ஓவர்டேக் எடுக்க மிதிக்கும்போதோதான் மூச்சு வாங்கும். உங்கள் வண்டி அங்கே திணறவில்லை.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றியதும் தேவையில்லாத செலவு என்றே நினைக்கிறேன். பி0171 என்றால் ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று பொருள். சைலன்சர் பாதையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தச் சென்சார்தான். உள்ளதைச் சொன்ன சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தால், அதுவும் அதையேதான் சொல்லும். ஸ்கேனரில் வரும் இந்தக் கோடு (code) எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அது சொல்லாது. கோடைப் பார்த்ததும் பாகம் வாங்க ஓடுகிற பழக்கத்தால் எத்தனையோ குடும்பங்கள் பணம் இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஷெட்டில் ஸ்கேனரைச் சொருகியதும் கோடோடு நிறுத்த விடாதீர்கள். ‘லைவ் டேட்டா’வைத் திறந்து ‘ஃப்யூயல் ட்ரிம்’ காட்டச் சொல்லுங்கள். வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதுதான் அந்த எண். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு வரும். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் ஒரு முறையும், ஆக்சிலேட்டரை 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் கூட்டல் 20, 25 என்று நின்று, 2,500-ல் சாதாரண நிலைக்கு இறங்கினால் ஏர் லீக். ஐடிலிங்கில் சுமாராக இருந்து, வேகமும் பாரமும் ஏற ஏற எண்ணும் ஏறினால் அப்போது பம்ப், பெட்ரோல் ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் போகலாம். புதிதாக ஒரு பாகமும் வாங்காமல் பத்து நிமிடத்தில் கிடைக்கும் பதில் இது.

இதில் ஒரு விஷயம் பல மெக்கானிக்குகளே கவனிக்காமல் விடுவது. கார்களில் காற்றைக் கணக்கிட இரண்டு வழி உண்டு. சிலவற்றில் ஏர் ஃபில்டரைத் தாண்டி ‘மாஃப்’ சென்சார் இருக்கும். அது வரும் காற்றை நேராக அளக்கும். அதற்குப் பின்னால் நுழையும் காற்று அதற்குத் தெரியாது. எனவே ட்ரிம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ‘மேப்’ சென்சார்தான். அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து காற்றைக் கணக்கிடும். லீக் இருந்தால் அழுத்தம் ஏறும், அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் ஐடிலிங் ஏறி நிற்கும், ட்ரிம்மோ அவ்வளவாக அசையாது. ட்ரிம் சரியாக இருக்கிறது என்பதற்காக மேப் வண்டியில் லீக் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐடிலிங் ஏறி இறங்கி ஊஞ்சலாடுவதும் இதே காரணத்தால்தான்: வேகம் ஏறியதும் கம்ப்யூட்டர் குறைக்கப் பார்க்கும், குறைத்ததும் இன்ஜின் அணையப் போகும், உடனே திரும்பக் கூட்டும்.

உங்கள் வண்டி மேப் வகையாக இருந்தும் பி0171 வந்திருக்கிறது என்றால், காற்று எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகப் போகாமல், ஏதோ ஒரு சிலிண்டரின் வழியில் மட்டும் நுழைகிறதோ என்று யோசிக்க வேண்டும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் காற்று மிகுந்து, சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கும், அதன் காற்று சைலன்சருக்குப் போய் சென்சாரை எட்டும். ஐடிலிங்கில் ஸ்டியரிங் ஒரே தாளத்தில் உதறுகிறதா என்று கவனியுங்கள்.

இப்போது உங்கள் ஆர்.சி.க்கு வருகிறேன். அதில் எல்பிஜி இருக்கிறது, வண்டியில் அதற்கான கேஸ் கிட் (டேங்க், ரெகுலேட்டர், குழாய்கள்) இல்லை. அப்படியென்றால் முன்பு யாரோ கிட் போட்டு ஓட்டி, விற்கும் முன் கழற்றியிருக்கிறார்கள். வரிசையாக கேஸ் பீய்ச்சும் கிட் என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேனிஃபோல்டில் ஒரு துளை போட்டு நாசில் முறுக்கியிருப்பார்கள். கேஸ் கம்ப்யூட்டருக்கு அழுத்தம் காட்ட, வேக்குவம் ஹோஸ் ஒன்றை வெட்டி, மூன்று வாய் உள்ள ‘டி’ இணைப்பு ஒன்றும் வைத்திருப்பார்கள். கிட்டைக் கழற்றும்போது டேங்க்கும் ரெகுலேட்டரும் போய்விடும், துளைகள் போகாது. கழற்றிய இடத்தில் பெரும்பாலும் என்ன பார்ப்போம் தெரியுமா? ஒரு குட்டை போல்ட், மரையில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப், மேலே எம்-சீல் உருண்டை. இன்ஜின் சூட்டில் பல மாதம் வெந்து, அந்த உருண்டை ஓரத்தில் மயிரிழை அளவு விட்டிருக்கும். நகத்தால் நெம்பினால் ஓடு மாதிரி பெயர்ந்து வரும். ‘டி’ இருந்த இடத்தில் ஹோஸின் வாயில் ஸ்க்ரூவைத் திருகி அடைத்திருப்பார்கள், அதுவும் கிளிப் இல்லாமல். உங்கள் வண்டியில் நான் முதலில் டார்ச் அடிக்கும் இடம் இதுதான். துளைகள் மேனிஃபோல்டின் அடிப்பக்கமோ பின்பக்கமோ இருக்கும், நேராகப் பார்த்தால் தெரியாது. செல்போனில் லைட்டைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் அடுத்து ரப்பர். இன்ஜினின் உள்ளாவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பி விடும் பி.சி.வி. ஹோஸ் எண்ணெய்ப் புகையில் ஊறி ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். மேலே பார்த்தால் நன்றாகவே இருக்கும். இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள், வளைவின் அடியில் வாய் பிளக்கும். த்ராட்டிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் கீழே இருக்கும் பேக்கிங், பிளாஸ்டிக் மேனிஃபோல்டானால் அதன் ரப்பர் சீல், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எல்லாம் வயதாக ஆக இறுகிப்போகும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாக ஆடி, சூடானதும் தணிகிறது என்றால் இந்த பேக்கிங்குகள் மேல் சந்தேகம் கூடும், சூட்டில் விரிந்து இடைவெளி கொஞ்சம் அடைபடுவதால்.

நம்ம பகுதிக்கு என்று தனியாக இரண்டு தொல்லை உண்டு. திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றில் ஹோஸ் கிளிப்கள் துருப்பிடித்து இறுக்கம் விட்டுவிடும். ஹோஸ் புதிதாக இருக்கும், கிளிப் பேருக்கு மாட்டியிருக்கும். இன்னொன்று எலி. தெருவில் நிறுத்தும் வண்டியில் ராத்திரி சூட்டுக்கு ஏறிப் படுத்துக்கொண்டு ஹோஸையும் வயரையும் கடித்துவிடும். பானெட்டைத் திறந்ததும் புழுக்கையோ, இழுத்து வந்த துணித் துண்டோ கண்ணில் பட்டால் சின்ன ஹோஸ் ஒவ்வொன்றையும் முனையிலிருந்து முனை வரை தடவிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் ஆவியை இழுத்து எரிக்கும் ‘பர்ஜ்’ வால்வையும் மறக்கக் கூடாது. அது திறந்தே நின்றுவிட்டால் ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தாலும் ஏர் லீக் மாதிரியே நடந்துகொள்ளும். பங்கில் டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா? அப்படியானால் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினின் ஐடிலிங்கில், வால்வுக்கு டேங்க் பக்கமிருந்து வரும் ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரல் வைத்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு மூடவில்லை.

டியூப் பஞ்சரைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வந்து இடத்தைக் காட்டிவிடும். இங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தேடுவதற்கு முறை வேண்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை ஸ்மோக் மெஷின். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் புகையை மேனிஃபோல்டுக்குள் விட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெள்ளை நூல் மாதிரி புகை எழும். விவாதத்துக்கே இடமில்லை. உங்கள் மெக்கானிக்கிடம் மெஷின் இல்லையென்றால் இருக்கும் ஷெட்டில் இந்தச் சோதனையை மட்டும் செய்துகொண்டு வரலாம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மேனிஃபோல்டில் நேராகச் சொருக விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் நல்ல சீல்களும் பிய்ந்துபோகும்.

மெஷின் இல்லாவிட்டாலும் வழி உண்டு. இன்ஜின் ஓடும்போது வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக, ரப்பரைக் கடிக்காத பிளையரால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். எந்த ஹோஸைப் பிடித்ததும் ஐடிலிங் அடங்குகிறதோ அந்த ஹோஸிலோ, அது போய்ச் சேரும் பாகத்திலோ கோளாறு. பூஸ்டர் ஹோஸை இப்படிப் பார்த்தாலே உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். பேக்கிங் ஓரங்களில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தால், ஓட்டையைத் தண்ணீர் அடைக்கும் அந்த நொடியில் ஐடிலிங் மாறும். பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலும் கனெக்டரிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேக்குவம் கேஜ் வைத்திருப்பவர் என்றால், நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் ஆடாமல் அதற்குக் கீழே நின்றால் லீக் இருக்கலாம், இன்ஜினின் டைமிங்கும் (பொறி, வால்வு இயங்கும் நேரக் கணக்கு) தள்ளியிருக்கலாம்.

கண்டிப்பாக அனுமதிக்கக் கூடாதது ஒன்று உண்டு. பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, ஓடும் இன்ஜின் மேல் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பக்கத்திலேயே சைலன்சர் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கும், காயிலில் பொறி வரும். ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். கார்ப் கிளீனர் ஸ்பிரேயும் தீப்பிடிக்கக் கூடியதுதான். குளிர்ந்த இன்ஜினில், சிறு துளியாக, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரிந்தவர் செய்தால் மட்டும் சரி. ஊதுபத்திப் புகை வளைகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்புக் கனலைக் காட்டுவது எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்களே கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஹோஸ்கள் பக்கம் நகர்த்துங்கள், சீறும் இடம் பெரிதாகக் கேட்கும். பெல்ட், ஃபேன் பக்கம் போக வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல், செயின் எல்லாவற்றையும் கட்டி ஒதுக்கிவிட்டுப் பிறகு குனியுங்கள்.

இடம் தெரிந்த பிறகு வேலை எளிது, ஆனால் ஒட்டு வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். வெடித்த ஹோஸ் மேல் டேப் சுற்றுவதும் அனபாண்ட் பசை பூசுவதும் ஒரு மழைக்குத் தாங்காது. பெயர்ந்த துண்டை இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்யும். வேக்குவத்துக்கென்று உள்ள, நூல் வைத்த ஹோஸ்தான் போட வேண்டும். சாதாரண தண்ணீர் டியூப் போட்டால் உறிஞ்சும் பலத்தில் உள்ளுக்குச் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். பூஸ்டர் ஹோஸுக்கு உங்கள் மாடலுக்கான ஒரிஜினலே வேண்டும். ஒருவழி வால்வின் அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். ஹோஸும் கிளிப்பும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்துவிடும்.

எல்பிஜி துளைதான் காரணம் என்றால் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். வண்டியில் இருக்கும்போதே துளையைக் குடைந்து மரை போட்டால் பிசிறு சிலிண்டருக்குள் விழும். கழற்றி, சுத்தமாக மரை வெட்டி, சரியான பிளக்கை சீலன்ட் வைத்து முறுக்கலாம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டாக இருந்து துளை சிதைந்திருந்தால், பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் துளை போடாத பழைய மேனிஃபோல்ட் தேடுவது நல்லது. எதுவானாலும் திரும்ப மாட்டும்போது புது பேக்கிங். போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு ஓரமாகப் படிப்படியாக முறுக்க வேண்டும். பழைய பேக்கிங்கையே துடைத்துப் போட்டால் இதே கடிதத்தை மறுபடியும் எழுதுவீர்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அந்த பி0171 கோடை அழித்து, கம்ப்யூட்டர் கற்று வைத்த பழைய ட்ரிம்மையும் ரீசெட் செய்து, ஐடிலிங்கைத் திரும்பக் கற்றுக்கொள்ள விட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் லீக்கை அடைத்த பின்னும் சில நாள் ஐடிலிங் குழம்பும், வேலை சரியில்லையோ என்று தோன்றும்.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் நாளைக்கே போய்விடாது. மிஸ்ஸிங் தொடர்ந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அது பம்ப்பை விட விலை கூடிய பாகம்.

ஆர்.சி.யில் இருக்கும் எல்பிஜியையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீக்கிவிடுங்கள். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருந்தால் இன்சூரன்ஸுக்கோ விற்கவோ போகும்போது கேள்வி வரும்.

பிரேக் சோதனையை இன்றைக்கே செய்துவிடுங்கள். ஷெட்டுக்குப் போனால் ஐடிலிங்கில் ட்ரிம் எவ்வளவு, 2,500-ல் எவ்வளவு, பூஸ்டர் ஹோஸை நசுக்கியபோது ஐடிலிங் மாறியதா என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மேனிஃபோல்டின் பின்பக்கம் எடுத்த போட்டோவும் கூட இருந்தால் துளை எங்கே என்று குறித்தே அனுப்புகிறேன்.